ஏரிக்கு நாலாவது கரை வேண்டாம்

பேரூராட்சித் தலைவர், மன்ற உறுப்பினர்கள், ஏரிப் பூங்காத் திட்டத்தைக் கவனிக்கும் பொறியாளர்கள் அனைவருக்கும்,

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால் மணிக்குப் பதினோரு பிள்ளைகளோடு ஏரியின் மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கே இரண்டு பொக்லைன் நின்றிருந்தன. முந்தின வாரம் நாங்கள் உட்கார்ந்து உப்புக்கொத்திப் பறவைகளை எண்ணிய இடத்தில் ஆள் உயரத்துக்குச் சேறு குவிந்து கிடந்தது. சிவப்புத் துணி கட்டிய முளைகள் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் உட்பக்கத்தில், ஒரு வளைவாகப் போய்க்கொண்டே இருந்தன. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

வண்டிக்குக் காவலிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ரெண்டாம் கட்ட வேலைம்மா. ஏரியைச் சுத்திக் கரை வருது. நடுவுல ஆழமாக்கிப் படகு விடப்போறாங்க" என்றார். இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே நாற்பத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். ஏரிக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை வண்டிக் காவலாளி வாயால்தான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் கட்ட வேலையைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. இரண்டு வருஷம் முன்பு கிழக்குக் கரையில் பேவர் பிளாக் போட்டீர்கள், உட்கார பெஞ்ச் வைத்தீர்கள். முள் மண்டிக் கிடந்த கரையில் இன்றைக்கு வயதானவர்களும் பெண்களும் பயமில்லாமல் நடக்கிறார்கள். முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியும் போக இடமில்லாமல் இருந்த என் அம்மா இப்போது தினமும் அந்தக் கரையில்தான் நடக்கிறார். அதற்கு நன்றி உண்டு. நான் கேட்க வந்தது மேற்குப் பக்கத்தைப் பற்றி மட்டும்தான்.

என் தாத்தா இந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எந்த மதகை எத்தனை விரற்கடை திறப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கரை மேல் நடப்பார். "ஏரிக்கு மூணு பக்கம்தான் கரை. நாலாவது பக்கம் தண்ணி வர்ற வாசல்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. நம் செங்கல்பட்டுச் சீமையில் பெரும்பாலான ஏரிகள் அப்படிக் கட்டப்பட்டவைதான். மேட்டிலிருந்து வழிந்து வரும் மழைத் தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் வளைத்துக் கட்டிய கரை தாங்கிக்கொள்ளும். கரையோரம் ஆழம் இருக்கும். மேட்டுப் பக்கம் போகப் போகத் தண்ணீர் இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று குறைந்து, கடைசியில் ஈரச் சேறாகி, கோரையாகி, மேய்ச்சல் நிலமாகிவிடும். எங்கே ஏரி முடிகிறது, எங்கே நிலம் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. அந்தக் கோட்டைத்தான் இப்போது முளை அடித்துக் காட்டியிருக்கிறீர்கள்.

அந்தச் சரிவில்தான் குளிர்காலப் பறவைகள் பிழைக்கின்றன. ஆழமில்லாத இடம் அவற்றுக்குச் சாப்பாட்டுத் தட்டு. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவு உண்டு. உப்புக்கொத்தி பெரும்பாலும் தண்ணீரில் இறங்காது. ஈரச் சேற்றின் மேல் ஓடி ஓடி நின்று பொறுக்கும். பொறி உள்ளானுக்குக் கணுக்கால் நனைந்தால் போதும். நெடுங்கால் உள்ளான் தன் சிவப்புக் கால் முட்டிவரை இறங்கும். தட்டைவாயன் வாத்து அலகைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து அரித்துக்கொண்டே நீந்தும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து, கழுத்து எட்டும் ஆழத்தில் அடிச்சேற்றைத் துழாவும். கழுத்து எட்டாத இடத்தில் அதற்கு வேலையே இல்லை. நத்தைகுத்தி நாரை நடந்து நடந்து காலாலும் அலகாலும் நத்தை தேடும். நீந்தித் தேட அதற்குத் தெரியாது.

இப்போது ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்துவிட்டால் என்ன மிஞ்சும்? முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும். மற்றவை வரும், ஒரு சுற்றுச் சுற்றும், போய்விடும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. கிழக்குக் கரையின் தென்கோடியில் முதல் கட்டத்தில் கல் பதித்த இடத்தைப் பாருங்கள். அதற்கு முந்தின குளிர்காலம் வரை அந்த மூலையில் கரையோரச் சேற்றில் உள்ளான்கள் இருந்தன, வாலாட்டிகள் இருந்தன. வேலை முடிந்த பிறகு இரண்டு குளிர்காலமாக அந்த மூலைக்கு நேராக என் நோட்டில் நீர்க்காகம், முக்குளிப்பான் இரண்டைத் தவிர வேறு பெயர் ஏறவில்லை.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுவது என் வேலை. ஒன்பது குளிர்காலமாக, கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை, மழையும் காய்ச்சலும் தடுத்த நாட்கள் போக ஒவ்வொரு ஞாயிறும் இந்த ஏரிக்குப் போயிருக்கிறேன். தேதி, மணி, தண்ணீர் எதுவரை நிற்கிறது, எந்தப் பறவை எத்தனை என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கைப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்க்கிறோம். நான்கு நோட்டு நிறைந்துவிட்டது, ஐந்தாவது ஓடுகிறது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டத் தயார்.

முதலில் நானும் என் மகனும்தான் போனோம். அப்புறம் தெருப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். எங்களிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது, அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்ப்போம். போன மார்கழியில் ஒரு காலை, பனி இன்னும் கோரை மேல் நிற்கிறது. சேற்றில் எங்களுக்கு இருபதடி தூரத்தில் ஒரு கொசு உள்ளான் கூட்டம். அந்தப் பறவையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் சிட்டுக்குருவி என்று நினைத்திருப்பீர்கள், அவ்வளவு சின்னது. முதுகு காய்ந்த வைக்கோல் நிறம், வயிறு வெள்ளை, கால் கறுப்பு. அலகு விடாமல் சேற்றைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு அடி ஓடும், நாலு தட்டுத் தட்டும், மறுபடி ஓடும். என்னோடு வந்த ஆறாம் வகுப்புப் பெண் பைனாகுலரை இறக்காமலே, "அக்கா, எங்க ஆயா முறத்துல கல்லு பொறுக்குற மாதிரியே இருக்கு" என்றாள்.

ஏறக்குறைய இருபத்தைந்து கிராம் எடையுள்ள பறவை அது. வடதுருவத்தை ஒட்டி, மரமே முளைக்காத தூந்திர நிலத்தில் கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. அங்கே பனி இறுகுவதற்கு முன்பே கிளம்பி, மத்திய ஆசியா வழியாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் ஊருக்கு வருகிறது. இங்கே தின்று, உடம்பில் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு, வெயில் ஏறும்போது திரும்பிப் போகிறது. அந்தத் திரும்பும் பயணத்துக்கான கட்டுச்சோறு இந்த மேற்குச் சேற்றிலிருந்துதான் கிடைக்கிறது. தை, மாசி இரண்டும் அவை அவசரமாகத் தின்ன வேண்டிய மாதங்கள். அந்த மாதத்தில் பொக்லைனை இறக்கியிருக்கிறீர்கள்.

பொக்லைன் நின்றிருந்த அந்த ஞாயிறன்று நோட்டு அந்தப் பெண் கையில்தான் இருந்தது. பறவைப் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள் கொசு உள்ளானுக்கு நேராக வந்ததும் நிறுத்தினாள். "பூஜ்யம் போடவா, இல்ல வரலைன்னு எழுதவா?" என்று கேட்டாள். கணக்கில் இரண்டும் வேறு வேறு என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றால் பூஜ்யம், பார்க்கவே முடியவில்லை என்றால் காலியாக விட வேண்டும். அன்றைக்கு நன்றாகத் தேடினோம். பூஜ்யம் போடச் சொன்னேன்.

"இது என்ன சரணாலயமா?" என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். சரணாலயம் இல்லைதான். ஆனால் சரணாலயத்துக்குச் சோறு போடும் இடம். நம் மாவட்டத்தில்தான் வேடந்தாங்கல் இருக்கிறது. அங்கே மரத்தில் கூடு கட்டும் நாரையும் நத்தைகுத்தியும் கரண்டிவாயனும் குஞ்சுக்கு இரை தேட அந்த ஒரு ஏரியை நம்பியிருப்பதில்லை. சுற்றுவட்டாரத்து ஏரி, தாங்கல், நெல்வயல் எல்லாவற்றிலும் மேய்ந்துவிட்டுத்தான் திரும்புகின்றன. சாயங்காலம் நம் ஏரியிலிருந்து நத்தைகுத்திகள் வரிசையாகக் கிளம்பிப் போவதைக் கிழக்குக் கரையில் நடப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

வேடந்தாங்கலைக் காப்பாற்றியது அந்த ஊர் விவசாயிகள். பறவைகளைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள் என்று அவர்கள் போய் முறையிட்டதால்தான் 1798-லேயே கலெக்டர் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே பல வருஷமாக விட்டுவிட்டார்கள். அவர்களிடம் யாரும் சட்டத்தைக் காட்டி மிரட்டவில்லை.

சட்டத்தைப் பற்றியும் பேசிவிடலாம். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே வைத்துவிட்டன. அதனால் அந்த விதிகளை எடுத்துக் காட்டி உங்களைத் தடுக்க என்னால் முடியாது. இதை மறைத்துவிட்டு எழுதுவது சரியாக இருக்காது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று அறிவிக்கப்பட்ட ராம்சார் தலங்கள் தமிழ்நாட்டில் இன்று இருபது இருக்கின்றன. அவற்றில் வேடந்தாங்கலும் பக்கத்திலிருக்கும் கரிக்கிலியும் உண்டு. நம்முடைய ஏரி அந்தப் பட்டியலில் கிடையாது, வரப்போவதும் இல்லை. இதைப் பாதுகாக்க வேறு யாரும் வர மாட்டார்கள். மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பறவையைப் பற்றி அக்கறையில்லாதவர்களுக்கும் மேற்குக் கரை ஆகாது. 2015 டிசம்பர் மழை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ராத்திரி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால் வழியாக மட்டும் தண்ணீர் வரவில்லை. மேய்ச்சல் நிலம் முழுவதும் தகடு பரப்பினது போல் வந்து, மேற்குப் பக்கம் அகலமாக ஏரிக்குள் இறங்கியது. அதனால்தான் மேற்கே இருக்கிற வீடுகளுக்குள் முழங்கால் அளவோடு நின்றது. அங்கே எட்டடி உயரத்துக்குக் கரை எழுப்பிவிட்டு அடியில் இரண்டு குழாய் பதித்தால், அடுத்த பெருமழையில் அந்தத் தண்ணீர் எந்த வீட்டுக்குள் போய் நிற்கும்? அந்தப் பகுதியில் இப்போது அன்றைக்கு இருந்ததைப் போல் இரண்டு மடங்கு வீடுகள்.

ஆழப்படுத்தினால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், நிலத்தடி நீர் ஏறும் என்பது உங்கள் வாதம். தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த வரத்துக்கால் எப்படிக் கிடக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அதன் அகலம் ஒரு தாண்டு தாண்டினால் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே கோழிக்கடைக் கழிவும் பிளாஸ்டிக் பையும். கீழே இரண்டு தெருச் சாக்கடை அதில் கலக்கிறது. ஆகாயத்தாமரை ஏன் வருஷா வருஷம் மண்டுகிறது என்பதற்கு அந்தச் சாக்கடைதான் பதில். முதலில் தோண்ட வேண்டியது அந்தக் கால்வாயை. பூங்காவுக்கு ஒதுக்கிய பணத்தில் அதற்கு எவ்வளவு என்று நானும் கேட்டுப் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை.

அப்புறம் விளக்கு. கிழக்குக் கரையில் நடப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், சரி. ஆனால் ராத்திரி முழுவதும் தண்ணீர் மேல் அடிக்கும் கலர் விளக்கு யாருக்கு? வாத்துகள் பகலில் மிதந்து ஓய்வெடுத்துவிட்டு ராத்திரியில் மேயக்கூடியவை. வக்கா என்கிற இராக்கொக்கு இருட்டத் தொடங்கின பிறகுதான் கிளம்பும். இருட்டு அவற்றின் வேலை நேரம். மேற்குப் பக்கம் இன்று வரை இருட்டாக இருப்பதால்தான் அவை அங்கே ஒதுங்குகின்றன. காலை ஐந்தரைக்கே கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பிக்கிறது. நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் காதில் சொந்தப் பாட்டு மாட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள். மீதிப் பேர் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். அந்த ஸ்பீக்கர் யாருக்காக என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எண் போட்ட பதினான்கு மரமும் நாட்டுக் கருவேலம். சீமைக் கருவேலம் என்று நினைத்து அப்புறப்படுத்தப் போகிறீர்களோ என்று பயப்படுகிறேன். இரண்டுக்கும் முள் இருக்கிறது, வித்தியாசம் தெரியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் நாட்டுக் கருவேலம் தண்ணீருக்குள் மாசக்கணக்கில் நின்றாலும் தாங்கும். வேடந்தாங்கலில் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இதுவும் உண்டு. பகலில் அந்தப் பதினான்கு மரத்திலும் வக்காக்கள் தூங்குகின்றன. ஐந்தாவது மரத்தில் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன்.

மேற்குப் பக்கம் கரை கட்டும் யோசனையை முழுமையாகக் கைவிடுங்கள். சுற்றி நடக்கப் பாதை வேண்டும் என்றால், மேய்ச்சல் நிலத்தின் மேட்டில் ஏற்கெனவே இருக்கும் வண்டித்தடத்தை மண் பாதையாகவே சரிசெய்யலாம், செலவும் குறைவு. உள்வாயில் அடித்த முளைகளை எடுத்துவிடுங்கள். பதினான்கு மரத்தையும் வெட்டப் போவதில்லை என்று மன்றத்தில் தீர்மானம் போடுங்கள். தூர்வாருவதாக இருந்தால் கோடையில், ஏரி வற்றின பிறகு, வரத்துக்காலில் தொடங்குங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஏரிக்குள் எந்த இயந்திரமும் இறங்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

படகு விட்டே தீருவது என்றால் கிழக்குப் பாதியோடு நிறுத்துங்கள். கயிறும் மிதவையும் போட்டு எல்லை வையுங்கள், மோட்டார் படகு வேண்டாம், அந்த ஐந்து மாதமும் படகே வேண்டாம். நடைபாதை விளக்குகள் தரையைப் பார்த்து எரியட்டும், ஒன்பது மணிக்குமேல் அணைத்துவிடுங்கள். தண்ணீர் மேல் அடிக்கும் கலர் விளக்கையும் ஸ்பீக்கரையும் எடுத்துவிடுங்கள். முழுத் திட்டத்தின் வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் பூங்கா வாசலில் தமிழில் பலகையாக வையுங்கள். வார்டு வாரியாகக் கூட்டம் போட்டு மக்களிடம் கேளுங்கள். மேற்கே குடியிருப்பவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

பிப்ரவரி மன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். கூட்டத்துக்கு நோட்டுகளோடு வருகிறேன், பேச ஐந்து நிமிஷம் கொடுங்கள். அதற்கு முன்னால் மன்ற உறுப்பினர்களில் ஒருவராவது, பொறியாளர்களில் ஒருவராவது ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்களோடு மேற்குப் பக்கம் வந்து, ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் நடந்து முடிவாகும் வரை அந்த இரண்டு பொக்லைனையும் உள்வாயிலிருந்து மேலே ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள். இதற்குத் தீர்மானம் எதுவும் தேவையில்லை. ஒரு போன் போதும், இன்றைக்கே செய்யலாம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கும் உங்கள் ஊர்க்காரி